புகையற்ற அடுப்பும் அதன் துப்புரவும்

கிராமத்து வீட்டின் சமையலறைச் சுவர் கறுத்திருப்பதைக் கண்டு எவரும் வியப்பதில்லை. அடுப்பு எரிந்தால் புகை எழும். புகை எழுந்தால் சுவர் கறுக்கும். இஃது இயல்பே என்று கொள்ளப்படுகிறது. ஆனால், புகைபோக்கி வைத்துக் கட்டிய அடுப்புள்ள வீட்டிலும் சுவர் கறுத்திருக்குமாயின் அஃது ஆராயத்தக்கதாகும். புகையை வெளியே அனுப்புவதற்கென்றே அமைக்கப்பட்ட சாதனம் தன் வேலையைச் செய்யவில்லை என்பதற்கு அச்சுவரே சாட்சி. அத்தகைய வீட்டில் அடுப்பைக் கட்டியவரைக் குறை கூறுவதற்கு முன்னர், குழாயின் உட்புறத்தை ஒருமுறை பார்ப்பது நலம். பல சமயங்களில் குற்றம் அங்கேதான் மறைந்திருக்கும்.

புகையற்ற அடுப்பை எப்படிக் கட்டுவது என்பது பற்றி நம் நாட்டில் நெடுங்காலமாகப் பேசப்பட்டு வருகிறது. கட்டிய அடுப்பை எப்படித் துப்புரவாக வைத்துக்கொள்வது என்பது பற்றி அவ்வளவு பேசப்படவில்லை. முதல் வேலை ஒரு நாளில் முடிந்துவிடும். இரண்டாவது வேலை அடுப்பு உள்ளவரை தொடரவேண்டியது. முதல் வேலையின் பயன் முழுவதும் இரண்டாவதையே சார்ந்துள்ளது.

மகன்வாடி முதல் இன்று வரை

அடுப்புப் புகையை ஆராய்ச்சிக்குரிய பொருளாக எடுத்துக்கொண்டவர்களுள் வார்தாவிலுள்ள மகன்வாடியின் ஊழியர்கள் முற்பட்டவர்கள். காந்தியடிகளின் உறவினரான மகன்லால் காந்தியின் பெயரால் அவ்விடம் அழைக்கப்படுகிறது. 1934ஆம் ஆண்டில் காந்தியடிகள் தோற்றுவித்த அகில இந்தியக் கிராமத் தொழிற் சங்கம் அங்கே பணியாற்றியது. தஞ்சையிற் பிறந்த ஜே. சி. குமரப்பா அச்சங்கத்தை நடத்தினார். அங்கு உருவான மண் அடுப்பு 1947ஆம் ஆண்டளவில் ‘மகன் சூலா’ என்னும் பெயருடன் வழக்கிற்கு வந்தது. அதன்பின், ஹைதராபாத் பொறியியல் ஆராய்ச்சிக்கூடத்தைச் சேர்ந்த டாக்டர் எஸ். பி. ராஜு மற்றோர் அடுப்பை வகுத்தார். கோடிக்கணக்கான மக்களுக்குப் புகையற்ற சமையலறை வேண்டும் என்னும் கருத்தைத் தலைப்பாகக் கொண்ட அவருடைய ஆங்கில நூல் 1953ஆம் ஆண்டில் சென்னையில் வெளியாயிற்று.

1980ஆம் ஆண்டுகளின் முற்பகுதியில் மத்திய அரசாங்கம் மேம்பட்ட அடுப்புகளுக்கான தேசியத் திட்டத்தைத் தொடங்கியது. 2002ஆம் ஆண்டில் அது முடிவுறுவதற்குள் 3 கோடிக்கு மேற்பட்ட அடுப்புகள் நாடெங்கும் அமைக்கப்பட்டன. 2016ஆம் ஆண்டு மே மாதம் 1ஆம் தேதி உத்தரப் பிரதேசத்திலுள்ள பல்லியாவில் தொடங்கப்பெற்ற உஜ்வலா திட்டம் சமையல் எரிவாயுவை ஏழைக் குடும்பங்களுக்குக் கொண்டு சென்றது. எனினும், விறகு அடுப்பு மறைந்துவிடவில்லை. 2019-21ஆம் ஆண்டுகளில் நடைபெற்ற ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, சமையலுக்குத் தூய எரிபொருளைப் பயன்படுத்திய குடும்பங்கள் நாடு முழுவதிலும் நூற்றுக்கு 58.6, கிராமப் பகுதிகளில் நூற்றுக்கு 43.2. எரிவாயு வந்த வீடுகளிலும் வெந்நீர் வைப்பதற்கும், மாட்டுக்குத் தீனி காய்ச்சுவதற்கும், விசேஷ நாட்களில் பெரிய பாத்திரம் ஏற்றுவதற்கும் விறகு அடுப்பு மூட்டப்படுகிறது. ஆகையால் விறகு அடுப்பின் துப்புரவு பழங்கதையாகிவிடவில்லை.

அதன் முக்கியத்துவத்தை ஓர் எண்ணால் உணரலாம். வீட்டினுள் எழும் புகையால் நேர்ந்த நோய்களுக்கு 2020ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 32 லட்சம் பேர் இரையானதாக உலகச் சுகாதார ஸ்தாபனம் மதிப்பிட்டுள்ளது. அவர்களுள் 2 லட்சத்து 37 ஆயிரத்திற்கு மேற்பட்டோர் ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள். அடுப்பருகில் நெடுநேரம் இருப்பவர் தாய். தாயின் அருகில் இருப்பது குழந்தை.

புகையை மேலே இழுப்பது எது?

புகைபோக்கியில் விசிறி எதுவும் இல்லை. பின் புகை ஏன் மேலே செல்கிறது? உஷ்ணமடைந்த காற்று விரிந்து லேசாகிறது என்பதே விடை. 30 டிகிரி சென்டிகிரேட் உஷ்ணமுள்ள ஒரு கன மீட்டர் காற்றின் எடை ஏறத்தாழ 1.16 கிலோகிராம். அதே அளவு காற்று 150 டிகிரிக்குச் சூடேறியிருந்தால் அதன் எடை ஏறத்தாழ 0.83 கிலோகிராம்தான். குழாயின் உள்ளே லேசான காற்றும் வெளியே கனமான காற்றும் நிற்கின்றன. வெளிக் காற்று அடுப்பின் வாய் வழியாக உட்புகுந்து உள்ளிருப்பதை மேலே தள்ளுகிறது. தராசின் ஒரு தட்டு தாழ, மறுதட்டு உயர்வதைப் போன்றதே இது.

இவ்விசை எவ்வளவு என்று கணக்கிட்டால் வியப்பு ஏற்படும். குழாயின் உயரம் 3 மீட்டர் என்றும், அதனுள்ளே சராசரி உஷ்ணம் 150 டிகிரி என்றும் கொள்வோம். ஒரு கன மீட்டருக்கு 0.33 கிலோகிராம் வீதம், ஒரு சதுர மீட்டர் பரப்பின்மீது ஏற்படும் எடை வேறுபாடு ஏறத்தாழ ஒரு கிலோகிராம். அதாவது, ஒரு மில்லிமீட்டர் உயரத்திற்குத் தேங்கிய தண்ணீரின் அழுத்தம்! ஒரு தட்டில் விரல் நகத்தின் கன அளவிற்குத் தண்ணீர் ஊற்றினால் அத்தட்டின் அடியில் எவ்வளவு அழுத்தம் உண்டாகுமோ, ஏறத்தாழ அவ்வளவே சமையலறைப் புகை முழுவதையும் கூரைக்கு மேல் ஏற்றிவிடும் சக்தி.

இத்துணை மெல்லிய சக்தியைக் கொண்டு இயங்கும் சாதனத்தில் சிறு தடையும் பெருந்தீங்காக முடியும். குழாயில் படியும் கரி, தொப்பிக்கு அடியில் கட்டப்பட்ட குருவிக்கூடு, கொடியடுப்புக்குச் செல்லும் சுரங்க வழியில் தேங்கிய சாம்பல் ஆகிய எதுவும் அவ்விழுப்பை அழித்துவிடப் போதுமானது. மேலே செல்ல வழியற்ற புகை அடுப்பின் வாய் வழியாகத் திரும்பிச் சமைப்பவரின் முகத்தையே நாடும்.

கரி எங்கிருந்து வருகிறது?

விறகிலுள்ள கார்பன் போதிய பிராணவாயுவுடன் கூடி முழுமையாக எரிந்தால் கரியமில வாயுவாக மாறும். காற்றுப் போதாவிடினும், தீயின் உஷ்ணம் குறைவாக இருப்பினும் எரிதல் அரைகுறையாக முடிகிறது. அப்போது கார்பன் மோனாக்ஸைடு என்னும் நச்சு வாயுவும், நுண்ணிய கரித்துகளும், பிசுபிசுப்பான தார் ஆவிகளும் உண்டாகின்றன. கரித்துகள் குழாயின் உட்சுவரில் படிகிறது. தார் ஆவி குளிர்ந்த சுவரைத் தொட்டதும் திரவமாகி, அத்துகளை ஒட்டவைக்கும் பசையாகிறது. நாளடைவில் அது காய்ந்து ஓடுபோல் இறுகுகிறது.

ஈர விறகு இத்தீங்கை மிகுவிக்கிறது. கொதிநிலையிலுள்ள ஒரு கிராம் தண்ணீரை ஆவியாக்க 540 கலோரி வெப்பம் வேண்டும். பாத்திரத்தைச் சூடாக்கவேண்டிய வெப்பம் விறகிலுள்ள நீரை விரட்டுவதில் செலவாகிறது, தீ மங்குகிறது, குழாய் குளிர்கிறது, தார் மிகுதியாகப் படிகிறது. ஆகவே, மழைக்காலத்திற்கென உலர்ந்த விறகை மூடிவைப்பதும் துப்புரவைச் சார்ந்த வேலையே.

படிந்த கரி எவ்வளவு இடத்தை அடைக்கும் என்பதையும் கணக்கிடலாம். உள்விட்டம் 10 செ.மீ. உள்ள குழாயின் வாய்ப்பரப்பு ஏறத்தாழ 78.5 சதுர செ.மீ. சுற்றிலும் ஒரே ஒரு செ.மீ. கனத்திற்குக் கரி படிந்தால் விட்டம் 8 செ.மீ. ஆகும், பரப்பு 50.3 சதுர செ.மீ. ஆகக் குறையும். படிவு 2 செ.மீ. ஆனாலோ பரப்பு 28.3 சதுர செ.மீ. மட்டுமே. அதாவது, முதல் நிலையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேலும், இரண்டாம் நிலையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கும் வழி அடைபட்டுவிடுகிறது. சொரசொரப்பான கரிச்சுவரில் உராய்ந்து செல்வதால் புகையின் ஓட்டம் இக்கணக்கைக் காட்டிலும் அதிகமாகவே தளரும்.

ஒடிசாவில் கண்ட உண்மை

துப்புரவு தவறினால் என்ன நேரும் என்பதை ஒடிசா மாநிலத்தில் நடைபெற்ற ஓர் ஆராய்ச்சி தெளிவாகக் காட்டியது. அங்கே 44 கிராமங்களைச் சேர்ந்த சுமார் 2,600 குடும்பங்களில், புகைபோக்கியுள்ள மண் அடுப்புகள் ஒரு தொண்டு நிறுவனத்தின் வாயிலாகப் படிப்படியாகக் கட்டித்தரப்பட்டன. எந்தக் குடும்பம் முதலில் பெறுவது என்பது குலுக்கல் முறையில் முடிவு செய்யப்பட்டது. முன்னர்ப் பெற்றவர்களையும் பெறாதவர்களையும் ஆராய்ச்சியாளர்கள் நான்கு ஆண்டுகள் வரை ஒப்பிட்டு வந்தனர். சமைப்பவர் வெளிவிடும் மூச்சிலுள்ள கார்பன் மோனாக்ஸைடை அளந்து, அவர் சுவாசித்த புகையை அறிந்தனர். ரேமா ஹன்னா, எஸ்தர் டுஃப்ளோ, மைக்கேல் கிரீன்ஸ்டோன் ஆகிய பொருளாதார அறிஞர்கள் நடத்திய இவ்வாராய்ச்சியின் முடிவுகள் 2016ஆம் ஆண்டில் பொருளாதாரச் சஞ்சிகையில் வெளியாயின.

முதல் ஆண்டில் சமைப்பவர்கள் சுவாசித்த புகை குறைந்தது. அதற்குப் பிந்திய ஆண்டுகளில் அந்நன்மை மறைந்துவிட்டது. நுரையீரல் நலத்திலோ விறகுச் செலவிலோ மாறுதல் காணப்படவில்லை. குடும்பத்தார் புதிய அடுப்பை ஒழுங்காகப் பயன்படுத்தாமையும், அதனைப் பராமரிக்க வேண்டிய அளவிற்குப் பராமரியாமையும் இதற்குக் காரணங்களாகக் கூறப்பட்டன. நாட்செல்லச் செல்ல அடுப்புகள் பழுதுற்றன, பழுதுற்றவை கைவிடப்பட்டன.

இதனைக் கொண்டு கிராமத்தாரை அசட்டை உடையவர்கள் என்று முடிவு கட்டுவது தவறு. பழைய மூன்று கல் அடுப்பிற்குப் பராமரிப்பு என்று ஒன்று இல்லை. சாம்பலை வாரிச் சாணம் பூசினால் வேலை முடிந்தது. புதிய அடுப்போ மாதந்தோறும் கவனிப்பை வேண்டுகிறது. அக்கவனிப்பை யார் செய்வது என்பது முடிவு செய்யப்படாமலே அடுப்பு கட்டப்பட்டுவிடுகிறது.

குழாய் யாருடைய பொறுப்பு?

வீட்டு வேலைப் பங்கீட்டை உற்று நோக்கினால் இடையூறு விளங்கும். அடுப்பும் அதன் சாம்பலும் பெண்ணின் பொறுப்பு. கூரை வேய்வதும் ஓடு மாற்றுவதும் ஆணின் பொறுப்பு. புகைபோக்கியோ அடுப்பில் தொடங்கிக் கூரைக்கு மேல் முடிகிறது. கீழிருந்து பார்க்கும் பெண்ணால் கூரைமீது ஏற இயலுவதில்லை. கூரைமீது ஏறக்கூடிய ஆண் சமையலறைப் புகையைச் சுவாசிப்பதில்லை. இருவருக்கும் நடுவே அக்குழாய் உரிமையாளரின்றி நிற்கிறது.

எனவே, அடுப்பு கட்டித்தரும் நாளிலேயே குழாயைத் துடைக்கும் பொறுப்பை வீட்டிலுள்ள பெரியவர் ஒருவர் பெயரில் ஒப்படைத்தல் வேண்டும். ஊரில் அடுப்பு கட்டும் கொத்தனாரோ, மகளிர் சுயஉதவிக் குழுவைச் சேர்ந்தவரோ கூலி பெற்று அவ்வேலையைச் செய்வதாகவும் ஏற்பாடு செய்யலாம். எந்த ஏற்பாடாயினும், யார் செய்வார் என்னும் கேள்விக்கு ஒரு பெயர் விடையாக இருத்தல் வேண்டும். ‘வீட்டார் செய்துகொள்வார்கள்’ என்பது விடையன்று. அடுப்பின் அடிப்பகுதியில், வீட்டினுள் நின்றே திறக்கக்கூடிய துப்புரவுத் துளை ஒன்றை அமைத்துவிட்டால் பாதி வேலையைக் கூரை ஏறாமலே முடித்துவிடலாம்.

துப்புரவு செய்யும் முறை

சாம்பலை நாள்தோறும் வாருதல் வேண்டும். தாயடுப்பிலிருந்து கொடியடுப்புக்குச் செல்லும் சுரங்க வழியை வாரம் ஒருமுறையும், புகைக்குழாயை மாதம் ஒருமுறையும் துடைப்பது என வைத்துக்கொள்வது நல்ல பழக்கம். ஈர விறகோ, சாண வரட்டியோ, சருகோ மிகுதியாக எரிக்கும் வீடுகளில் இன்னும் அடிக்கடி துடைக்க நேரிடும். மாதத் துப்புரவைப் பின்வருமாறு செய்யலாம்.

1. முதல் நாள் இரவே அடுப்பை அணைத்து, மறுநாள் நன்றாகக் குளிர்ந்த பின்னரே வேலையைத் தொடங்க வேண்டும். சாம்பலுக்கு அடியில் தணல் பல மணி நேரம் கனன்றுகொண்டிருக்கக்கூடும்.

2. குடிநீரையும் உணவுப் பண்டங்களையும் வெளியே எடுத்துச் செல்க. அல்லது இறுக மூடிவைக்க. கதவையும் சன்னலையும் திறந்துவிட்டுக் குழந்தைகளை அப்புறப்படுத்துக. துடைப்பவர் மூக்கையும் வாயையும் நன்கு மூடும் முகக்கவசம் அணிதல் வேண்டும். கிடைக்காவிடில் மடித்த துணியையாவது கட்டிக்கொள்க. கையை முழுதும் மறைக்கும் பழைய உடையும் தேவை.

3. தாயடுப்பின் சாம்பலைச் சிறிது தண்ணீர் தெளித்து அடங்கச் செய்து, தகரப் பாத்திரத்தில் வாரிக்கொள்க. பின்னர்க் கொடியடுப்பின் துளை வழியாகக் கைவிட்டு, சுரங்கத்தில் தேங்கியவற்றை அகப்பையாலோ வளைந்த கரண்டியாலோ வழித்தெடுக்க. அடைப்பு பெரும்பாலும் தொடங்கும் இடம் இதுவே.

4. பாத்திரம் வைக்கும் துளைகளையும் அடுப்பின் வாயையும் ஈரக்கோணியால் மூடுக. இதைச் செய்யாவிடில் மேலிருந்து விழும் கரி சமையலறை முழுவதும் பரவும்.

5. நீண்ட மூங்கிற்கழியின் நுனியில் தென்னை நாரையோ கந்தைத் துணியையோ, குழாயின் உள்விட்டத்திற்கு ஏற்ற பருமனில் இறுகக் கட்டித் துடைப்பான் செய்துகொள்க. துப்புரவுத் துளை வழியாகவோ மேல்முனை வழியாகவோ அதைச் செலுத்தி மேலும் கீழுமாக இழுக்க. கழி எட்டாவிடில், கயிற்றின் நடுவில் துணிப்பந்தும் கீழ்முனையில் கல்லும் கட்டி மேலிருந்து இறக்கி இழுக்கலாம்.

6. தொப்பியைக் கழற்றி, அதன் உட்புறத்தைத் துடைத்து, வலை, கூடு முதலியவற்றை அகற்றித் திரும்பப் பொருத்துக. ஓட்டுக் கூரைமீதோ சிமெண்டுத் தகட்டுக் கூரைமீதோ கால் வைத்து ஏறலாகாது. அவை உடைந்து விழுந்தோர் பலர். உறுதியான ஏணியைச் சார்த்தி, ஒருவர் கீழே பிடித்துக்கொள்ள மற்றவர் ஏறுதல் வேண்டும்.

7. கீழே விழுந்த கரியை ஈரப்படுத்தி வாரி எடுத்து, துப்புரவுத் துளையை மண்ணால் மீண்டும் அடைக்க. அடுப்பின் வெடிப்புகளையும், குழாய் அடுப்போடு சேரும் இடத்தையும் களிமண், சாணம், உமி ஆகியவற்றைக் குழைத்துப் பூசி மூடுக. சிறு வெடிப்பு வழியாகவும் குளிர்ந்த காற்று புகுந்து குழாயின் இழுப்பைக் கெடுக்கும்.

8. பூச்சு உலர்ந்தபின் சோதித்துப் பார்க்க. பாத்திரத் துளைகளைப் பாத்திரங்களால் மூடி, தாயடுப்பில் சிறிது உலர்ந்த வைக்கோலைக் கொளுத்துக. குழாய் சூடேறிய பின், எரியும் ஊதுவத்தி ஒன்றை அடுப்பின் வாயருகே பிடிக்க. அதன் புகை உள்ளே இழுக்கப்பட்டால் வேலை செம்மையாக முடிந்தது. புகை வெளிப்புறம் சாய்ந்தால் அடைப்பு இன்னும் எங்கோ இருக்கிறது என்பது பொருள்.

எச்சரிக்கைகள்

புகைக்கரி வெறும் அழுக்கன்று. லண்டன் நகரத்துப் புகைபோக்கி துடைக்கும் தொழிலாளர்களிடையே ஒரு வகைத் தோல் புற்றுநோய் காணப்படுவதையும், அதற்குக் கரியே காரணம் என்பதையும் பெர்சிவல் பாட் என்னும் அறுவை மருத்துவர் 1775ஆம் ஆண்டிலேயே எடுத்துக் கூறினார். தொழில் காரணமாகப் புற்றுநோய் உண்டாவதைக் காட்டிய முதற் சான்றுகளுள் அஃது ஒன்று. அக்காலத்தில் அங்கே குறுகிய குழாய்களுக்குள் ஏறித் துடைப்பதற்குச் சிறுவர்களே ஏவப்பட்டனர். மாதம் ஒருமுறை வீட்டுக் குழாயைத் துடைப்பவருக்கு அவ்வளவு அபாயம் இல்லையெனினும், வேலை முடிந்தவுடன் சோப்பிட்டுக் குளிப்பதும் உடையைத் தனியே துவைப்பதும் அவசியம். இவ்வேலையைக் குழந்தைகளிடம் ஒருபோதும் ஒப்படைக்கலாகாது.

பழைய திட்டங்களில் கட்டப்பட்ட அடுப்புகள் பலவற்றிற்குக் கல்நார் சிமெண்டுக் குழாய்கள் பொருத்தப்பட்டன. கல்நாரின் நுண்ணிய இழைகள் நுரையீரலுட் சென்றால் ஆண்டுகள் பல கழித்துப் புற்றுநோயை விளைவிக்கக்கூடியவை. அத்தகைய குழாயை இரும்புக் கம்பியாற் சுரண்டுவதும், அறுப்பதும், உடைப்பதும் கூடாது. ஈரமாக்கிய மென்மையான துணிப்பந்தால் மட்டுமே துடைக்கலாம். குழாய் விரிசல் கண்டிருந்தால் அதனைத் தொடாமல் நனைத்து, முழுதாகக் கழற்றக்கூடியவரைக் கொண்டு அகற்றி, வேறு குழாய் பொருத்துவதே முறை.

தார் இறுகிய குழாயில் தீப்பொறி பட்டால் குழாயினுள்ளேயே நெருப்புப் பற்றிக்கொள்ளக்கூடும். கூரை வேய்ந்த வீட்டிற்கு இஃது ஆபத்து. கூரையைக் குழாய் துளைக்கும் இடத்தில் ஓலையோ வைக்கோலோ குழாயைத் தொடாதபடி தகரத்தாலோ மண்ணாலோ இடைவெளி அமைத்தல் வேண்டும். வாரிய சாம்பலை முற்றிலும் ஆறும்வரை தகரப் பாத்திரத்தில் வைத்திருந்த பின்னரே எருக்குழியில் கொட்டவேண்டும். தணலை மூடிய அறைக்குள் குளிர் காய்வதற்காக வைத்துக்கொண்டு உறங்குவது உயிருக்கே கேடாகும். தணலிலிருந்து எழும் கார்பன் மோனாக்ஸைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.

எரிவாயு அடுப்பிற்கும் இதுவே நியதி

எரிவாயு அடுப்புள்ள வீட்டாரும் இக்கருத்தை நினைவிற் கொள்ளலாம். பொங்கி வழிந்த கஞ்சியும் எண்ணெயும் பர்னரின் துளைகளை அடைத்தால், எரிவாயு காற்றுடன் சரிவரக் கலப்பதில்லை. நீலமாக எரியவேண்டிய சுவாலை மஞ்சளாகிறது. பாத்திரத்தின் அடி கறுக்கிறது. விறகு அடுப்பிற் கண்ட அரைகுறை எரிதலே இங்கும் நிகழ்கிறது. சிலிண்டரின் ரெகுலேட்டரை மூடி, அடுப்பு ஆறியபின் பர்னரைக் கழற்றிச் சோப்பு கலந்த வெந்நீரில் ஊறவைத்து, துளைகளை ஊசியால் மெல்லக் குத்தி, நன்றாக உலர்த்திப் பொருத்தினால் நீலச் சுவாலை திரும்பும். எரிவாயுக் குழலையும் ரெகுலேட்டரையும் வீட்டார் பிரித்தல் ஆகாது. அது பயிற்சி பெற்றவரின் வேலை.

பள்ளியில் செய்யக்கூடியவை

ஆசிரியர்கள் இப்பொருளை வகுப்பறையில் எளிதாக விளக்கலாம். 10 செ.மீ., 8 செ.மீ., 6 செ.மீ. விட்டமுள்ள மூன்று வட்டங்களைக் கட்டத் தாளில் வரையச் செய்து, உள்ளே அடங்கும் கட்டங்களை எண்ணச் சொன்னால், கரிப்படிவால் வழி எவ்வளவு குறைகிறது என்பதை மாணவர்கள் தாமே கண்டுகொள்வர். வட்டத்தின் பரப்பைப் பற்றிய பாடமும் அதனுடன் நடந்துவிடும்.

மற்றொரு சோதனைக்கு ஒரு தகரப் பெட்டி போதும். அதன் மூடியில் இரண்டு துளைகள் இட்டு, ஒவ்வொன்றின்மீதும் அரிக்கன் விளக்குச் சிமினியையோ தகரக் குழாயையோ நிறுத்துக. ஒரு துளைக்கு நேர் கீழே மெழுகுவத்தியை ஏற்றிவைத்துப் பெட்டியை மூடுக. மற்றக் குழாயின் வாயில் ஊதுவத்தியைப் பிடித்தால் அதன் புகை கீழ்நோக்கி இறங்கி, மெழுகுவத்தி உள்ள குழாய் வழியாக மேலே வரும். பின்னர் அக்குழாயின் வாயை ஓர் அட்டையால் சிறிது சிறிதாக மூடிக்கொண்டே வருக. புகை தயங்கி, நின்று, திரும்புவதை மாணவர்கள் காண்பர். அடைபட்ட புகைபோக்கியின் கதையை இதைவிடத் தெளிவாகச் சொல்ல இயலாது. நெருப்புச் சேர்ந்த இச்சோதனையை ஆசிரியரே செய்து காட்டுவது முறை.

எண்ணவேண்டியது எதை?

களப்பணியாளரின் பதிவேட்டில் கட்டப்பட்ட அடுப்புகளின் எண்ணிக்கை எழுதப்படுவது வழக்கம். அந்த எண் கூடுமேயன்றிக் குறைவதில்லை. கட்டி ஓராண்டுக்குப் பின் அவற்றுள் எத்தனை அடுப்புகள் புகையை உள்ளே இழுக்கின்றன என்பதே உண்மையான கணக்கு. அதனை அறிவதற்கு விலையுயர்ந்த கருவி தேவையில்லை. ஓர் ஊதுவத்தி போதும். மாதந்தோறும் குழாயைத் துடைத்த தேதியைச் சமையலறைச் சுவரில், குழாய்க்கு அருகிலேயே சுண்ணாம்புக் கட்டியால் எழுதிவரச் செய்தால், வீட்டாருக்கும் நினைவூட்டலாகும். வந்து பார்க்கும் ஊழியருக்கும் அதுவே அறிக்கையாகும்.

அத்தேதி எழுதப்படும் சுவர் வெள்ளையாகவே இருக்குமாயின், அவ்வடுப்பு கட்டப்பட்டதன் நோக்கம் நிறைவேறியது எனக் கொள்ளலாம்.